மலையேறப் போகலாம் வாங்க! அதுக்கு முன்னாடி மூணு கேள்வி



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பேசி முடித்து டீ குடிக்கும் நேரத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டார். "ஏனுங்க, வருசா வருசம் கோயிலுக்குத்தான் டூர் போறோம். டிவியில பார்த்தா சின்னச் சின்னப் பொண்ணுங்க முதுகுல பையை மாட்டிட்டு மலையேறிட்டுப் போறாங்க. நாமளும் ஒருக்கா போகக் கூடாதுங்களா?"

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "முழங்கால் வலிக்கு தைலம் யாருக்கா வாங்கித் தர்றது?" என்றார் ஒருவர். "எங்க வீட்டுல கேட்டா, மலை மேல என்ன வச்சுட்டு வந்தேன்னு கேப்பாங்க" என்றார் இன்னொருவர். ஆனால் கூட்டம் முடிந்து கிளம்பும்போது பத்துப் பேராவது தனித்தனியாக வந்து, "நிசமாவே போனா என் பேரையும் எழுதிக்கோங்க" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆசை இருக்கிறது. கேட்கத்தான் கூச்சம். அதனால் இந்த மாதம் மலைப் பயணம் பற்றியே எழுதுகிறோம். நாங்கள் ஒரு முறை தப்பாகப் போனோம், ஒரு முறை சரியாகப் போனோம். இரண்டையும் மறைக்காமல் சொல்கிறோம்.

கோத்தகிரி எப்படிப்பட்ட ஊர்?

நம் ஊர் வாய்க்கால் கரையில் நின்று மேற்கே பார்த்தால், மழை விட்ட காலையில் நீலமாக ஒரு மலை தெரியும். அதுதான் நீலகிரி. நீலகிரி என்றதும் எல்லோரும் ஊட்டி என்பார்கள். ஊட்டியில் கூட்டம் அதிகம், அறை வாடகையும் அதிகம். அதே மலையில் கிழக்கு ஓரமாக இருக்கிற சின்ன ஊர் கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர். அரசு பஸ்ஸே போகிறது.

கோத்தர் என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்த மலை என்பதால்தான் கோத்தகிரி என்று பெயர். மண்பானை வனைவது, இரும்பு அடிப்பது, இசை வாசிப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. சுற்றிலும் படுகர் ஊர்கள், சரிவுகளில் இருளர், குறும்பர் ஊர்கள். 1819-ல் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மலையேறி வந்து முதலில் தங்கியது இந்தப் பக்கம்தான். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களாவைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள், போனால் பார்க்கலாம்.

ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். அடிக்கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 6,000 அடி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி வெயில் குறையும். அதனால் கீழே நாம் வேர்த்து வழிகிற அதே நேரத்தில் அங்கே ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள்.

நடப்பதற்கு, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஊருக்குப் பக்கத்திலேயே லாங்வுட் சோலை என்ற பழைய காடு. அரவேணு பக்கம் கேத்தரின் அருவி. சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி கோடநாடு காட்சிமுனை. அங்கே நின்றால் கீழே மாயாறு பள்ளத்தாக்கும், வானம் தெளிவாக இருந்தால் பவானிசாகர் அணைத் தண்ணீரும் தெரியும். எதிரே நிமிர்ந்து நிற்பது ரங்கசாமி சிகரம். இருளர் மக்களுக்கு அது கோயில் மலை.

நாங்கள் செய்த தப்பு

2023 டிசம்பரில் நாங்கள் 22 பேர் வேன் பிடித்துக் கிளம்பினோம். யாரையும் விசாரிக்கவில்லை. "போய்ப் பாத்துக்கலாம்" என்பதுதான் எங்கள் திட்டம். காலை டிபன் முடித்து, கடை கடையாக நின்று, ஊர் போய்ச் சேரவே மதியம் ஒரு மணி ஆகிவிட்டது.

டீக்கடையில் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். "அக்கா, பள்ளத்துல ஒரு அருவி இருக்கு. யாருக்கும் தெரியாது. ஆளுக்கு நூறு ரூபா குடுங்க, கூட்டிட்டுப் போறேன். பர்மிசன் எல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றார். நமக்கோ ஆசை. சரி என்று சொல்லிவிட்டோம். எங்களில் பாதிப் பேர் காலில் ரப்பர் செருப்பு. கையில் தண்ணீர் மொத்தம் நாலு பாட்டில்.

தேயிலைத் தோட்டம் தாண்டிக் காட்டு ஓரமாக இறங்க ஆரம்பித்தோம். ஒரு மணி நேரம் நடந்திருப்போம். திருப்பத்தில் காட்டெருமை ஒன்று நின்றது. நம் ஊர் எருமை மாதிரி இரண்டு மடங்கு. அது எங்களைப் பார்க்கிறது, நாங்கள் அதைப் பார்க்கிறோம். முன்னால் நின்ற ஒரு சகோதரி கத்திவிட்டார். கூட்டிக்கொண்டு வந்தவர் "ஓடுங்க" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக ஓடினார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவே இல்லை.

ஓடியதில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மற்றவர்கள் தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்துவிட்டோம். மாடு தன் பாட்டுக்குத் தழை மேய்ந்துவிட்டுப் போய்விட்டது. அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. வந்த வழி எது, போகிற வழி எது என்று தெரியவில்லை. போனில் டவர் இல்லை. கணுக்கால் வீங்கியவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு நின்றோம்.

இலை பறித்துவிட்டுத் திரும்பிய நாலு பெண்கள்தான் எங்களைக் கண்டுபிடித்தார்கள். "இந்த வழியில கரடி நடமாட்டம் இருக்கு. சாயந்திரம் நாங்களே தனியா வர மாட்டோம். நீங்க யாரைக் கேட்டு இறங்குனீங்க?" என்று திட்டினார்கள். திட்டிக்கொண்டே எங்களை ரோட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள். அப்போது மணி ஏழு. வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எல்லோருக்கும் அழுகை வந்தது. அந்த அக்காமார்களுக்கு ஒரு டீ கூட வாங்கித் தரத் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறோம்.

எங்கள் அதிர்ஷ்டம், கணுக்காலோடு போயிற்று. எல்லோருக்கும் அப்படிப் போவதில்லை.

குரங்கணியை மறக்கக் கூடாது

2018 மார்ச் 11. மகளிர் தினம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடி பக்கம் குரங்கணி மலையில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மலையேற்றம் போயிருந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து ஒரு குழு. நிறையப் பேர் பெண்கள். கொழுக்குமலையிலிருந்து கீழே இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சிலர் அங்கேயே, மற்றவர்கள் ஆஸ்பத்திரியில் நாள் கணக்கில் போராடி.

அனுமதி வாங்கிய பாதை வேறு, போன பாதை வேறு என்று அப்போது வனத்துறை சொன்னது. முதலில் ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைப் போர்வையில் தூக்கி வந்தவர்கள் அந்த மலை ஊர் மக்கள். மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டரும் வேலை செய்தது.

போனவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களும் நம்மைப் போல ஒரு நாள் மலையைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள்தான். மலைக்குப் போனால் எது ஆபத்து என்று நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் தீ எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தீக்குச்சியைப் பற்றவைத்துத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். தீ மேலே ஏறி விரலைச் சுடும். குச்சியை நிமிர்த்திப் பிடித்தால் மெதுவாகத்தான் எரியும். மலைச் சரிவும் அப்படித்தான். சூடான காற்று மேலே போகும். போகும்போது மேலே இருக்கிற புல்லைக் காய வைத்துவிடும். காய்ந்த புல் உடனே பற்றிக்கொள்ளும். அதனால் காட்டுத்தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். காற்றும் சேர்ந்தால் மனிதர் ஓடி முந்த முடியாது.

ஆகவே தீயோ புகையோ தெரிந்தால்:

1. தீ கீழே இருக்கும்போது சரிவில் மேல்நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகி, தீயின் வழியிலிருந்து வெளியே வர வேண்டும்.
2. புல்லும் புதரும் இல்லாத பாறை, மண் ரோடு, ஓடை, ஏற்கனவே எரிந்து அணைந்த கருகல் இடம், இவை ஓரளவு பாதுகாப்பு. இரண்டு மேட்டுக்கு நடுவில் இருக்கிற ஒடுக்கமான பள்ளம் புகைபோக்கி மாதிரி. அதற்குள் போகக் கூடாது.
3. நைலான், பாலியஸ்டர் துணி உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். காட்டுக்குப் போகும் நாளில் பருத்தித் துணிதான் நல்லது.
4. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு குனிந்து நகர வேண்டும். புகை மேலே, காற்று கீழே.

இதையெல்லாம் விட நல்லது, கோடையில் காய்ந்த காட்டுக்குள் போகாமல் இருப்பதுதான்.

மூன்று கேள்விகள்

குரங்கணிக்குப் பிறகு 2018-லேயே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை "ட்ரெக் தமிழ்நாடு" என்ற திட்டத்தை ஆரம்பித்தது. 40 மலைப்பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையதளத்தில் பணம் கட்டிப் பதிவு செய்யும் முறை வந்தது. கோத்தகிரிப் பக்கம் லாங்வுட் சோலை எளிதான பாதை. கரிக்கையூரிலிருந்து ரங்கசாமி சிகரம் போவது கடினமான பாதை. அது நமக்கு முதல் வருசமே வேண்டாம்.

இப்போது எந்த மலைக்குப் போவதானாலும் நம் உறுப்பினர்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் அந்தப் பாதையில் போக வேண்டாம்.

முதல் கேள்வி: அனுமதி இருக்கா? காடு வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. அனுமதி என்பது வெறும் ரசீது இல்லை. எத்தனை பேர், எந்தப் பாதையில், எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள் என்று ஒரு ஆபீசில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாம் திரும்பவில்லை என்றால் தேடி வர ஆள் இருக்கும். நாங்கள் 2023-ல் பள்ளத்தில் நின்றபோது, நாங்கள் அங்கே இருக்கிறோம் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. குழுவில் பணம் வாங்கினால் கையெழுத்து வாங்குகிறோமே, அது மாதிரிதான் இதுவும். அதோடு, அனுமதி கொடுத்த பாதையில்தான் நடக்க வேண்டும். "இந்தப் பக்கம் குறுக்கு வழி" என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: வழிகாட்டி யார்? டீக்கடையில் கிடைத்தவர் வழிகாட்டி இல்லை. பதிவு செய்த பாதைகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளை அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அந்தக் காட்டு ஊர்களின் இளைஞர்கள். யானை எந்த நேரம் எங்கே தண்ணிக்கு வரும், எந்தப் பாறை வழுக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். நாம் கட்டுகிற பணத்தில் அவர்கள் வீட்டுக்கும் கூலி போகிறது.

மூன்றாவது கேள்வி: எத்தனை மணிக்குத் திரும்புவோம்? எல்லோரும் "எத்தனை மணிக்குக் கிளம்பலாம்" என்றுதான் பேசுகிறார்கள். மலையில் முக்கியம் திரும்பும் நேரம். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கலாம். ஆறு மணி ஆனால் இருட்டு. காலையில் ஏழு, எட்டு மணிக்கெல்லாம் நடக்க ஆரம்பித்து, மதியத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தான், உச்சியைப் பாத்துட்டு வந்துரலாம்" என்று யாராவது சொன்னாலும், முடிவு செய்த நேரம் வந்தால் திரும்பிவிட வேண்டும். மலை அடுத்த வருசமும் அங்கேதான் இருக்கும்.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து கோடை மழை வரை தீ பயம். அப்போது வனத்துறையே பாதைகளை மூடி வைக்கும். அக்டோபர், நவம்பரில் கோத்தகிரிப் பக்கம் பலத்த மழை பெய்யும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் கணக்கில் டிசம்பர் கடைசியும் ஜனவரியும் நல்ல காலம்.

சரியாகப் போன நாள்

2025 ஜனவரியில் மறுபடியும் போனோம். இந்தத் தடவை 14 பேர். அதில் ஒன்பது பேர் முன்னால் பயந்து வந்தவர்கள். கணுக்கால் பிசகியவரும் வந்தார். "நான்தான் முதல்ல வருவேன்" என்று பெயர் கொடுத்தவரே அவர்தான்.

கல்லூரியில் படிக்கும் ஒரு உறுப்பினரின் மகள் போனிலேயே பதிவு செய்து கொடுத்தார். முந்தின நாள் சாயந்திரமே ஊர் போய்ச் சேர்ந்து தங்கிவிட்டோம். காலையில் லாங்வுட் சோலை வாசலில் இரண்டு வழிகாட்டித் தம்பிகள் நின்றார்கள். பெயர் சரிபார்த்தார்கள். "ஆஸ்துமா, நெஞ்சு வலி, பிரஷர் இருக்கறவங்க இப்பவே சொல்லிருங்கக்கா" என்றார்கள். சத்தம் போடாமல், வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொன்னார்கள்.

உள்ளே போனதும் வெயில் நின்றுவிட்டது. மரமெல்லாம் பாசி. கால் வைத்தால் மெத்தை மாதிரி இலைச் சருகு. எங்கேயோ தண்ணி ஓடுகிற சத்தம். ஒரு பறவை ஆள் சிரிப்பது மாதிரி கூவியது. நீலகிரிச் சிரிப்பான் என்று தம்பி சொன்னார். உலகத்திலேயே இந்த மலைப் பக்கம் மட்டும்தான் அது இருக்கிறதாம்.

இந்தச் சோலை மொத்தம் 116 ஹெக்டேர்தான், ஏக்கரில் சுமார் 290. ஆனால் கீழே 18 ஊர்களுக்குத் தண்ணீர் இதிலிருந்து போகிறது. ஒரு தம்பி ஒரு கைப்பிடி சருகு மண்ணை எடுத்துப் பிழிந்து காட்டினார். ஈரம் சொட்டியது. மழை பெய்தால் இந்த மண் குடித்து வைத்துக்கொள்ளும், பிறகு வருசம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும் என்றார். "நாம சேமிப்பு போட்டு வைக்கிற மாதிரிதான்" என்றார் எங்கள் ஊக்குநர். தம்பிக்குச் சிரிப்பு. 2024 ஜனவரியில் இந்தச் சோலை உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மதியம் பஸ்ஸில் கோடநாடு போனோம். காட்சிமுனையில் நின்று பார்த்தபோது கீழே மாயாறு ஒரு நூல் மாதிரி தெரிந்தது. அதுவும் பவானி ஆறும் சேருகிற இடத்தில்தான் பவானிசாகர் அணை. அங்கிருந்துதான் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிறது. நாற்பது வருசமாக அந்தத் தண்ணியில் நாற்று நட்ட ஒரு பெரியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இங்கிருந்தா வருது?" என்று மட்டும் கேட்டார்.

கையில் என்ன இருக்கணும்?

செருப்பு வேண்டாம். புதிதாக வாங்கிய ஷூவும் வேண்டாம், காலைக் கடிக்கும். இரண்டு வாரம் வீட்டில் போட்டுப் பழகிய கான்வாஸ் ஷூவும் காலுறையும் போதும். அதோடு ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் நடந்து பழகுங்கள். மூச்சு வாங்குவது குறையும்.

சேலையில் ஏற முடியாதா என்று கேட்கிறார்கள். மலைப் பெண்கள் சேலையிலேயே கூடையைச் சுமந்து ஏறுகிறார்கள். பழக்கம்தான். பழக்கம் இல்லாதவர்களுக்கு சுடிதார் வசதி, கொசுவம் தடுக்காது. நாங்கள் ஆறு பேர் அன்றைக்குத்தான் முதன்முதலாக சுடிதார் போட்டோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும். ஸ்டீல் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கவர், டம்ளர் எல்லாம் தடை. செக்போஸ்டில் சோதனை செய்து பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் உண்டு. கடலை மிட்டாய், பேரீச்சை, புளிச்சோறு போதும். ரொம்ப வேர்த்துத் தலை சுற்றினால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். டீஸ்பூனைத் தலை தட்டி அளக்கணும். உப்பு கூடக் கூடாது.

மாதவிலக்கு நாளாக இருந்தால் போகக் கூடாது என்று எதுவும் இல்லை. நாப்கின் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தியதைப் பேப்பரில் சுற்றித் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள், காட்டில் போட வேண்டாம். உள்ளே கழிப்பறை கிடையாது. கிளம்பும் முன்பே போய்விட்டு வாருங்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் நடப்பது ரொம்பத் தப்பு.

மழை ஈரம் இருந்தால் அட்டை ஏறும். பயப்பட வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம். உப்புத் துணியால் தொட்டால் விழுந்துவிடும். கடித்த இடத்தில் ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடும். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. அசையாமல் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

காட்டெருமை, கரடி, யானை எதைப் பார்த்தாலும் கத்தக் கூடாது, போட்டோவுக்குக் கிட்டே போகக் கூடாது. வழிகாட்டி சொல்கிற மாதிரி மெதுவாகப் பின்வாங்க வேண்டும். நாங்கள் ஓடினோம் பாருங்கள், அது தப்பு. மாடு எங்களை ஒன்றும் செய்யவில்லை, ஓடினதில்தான் கால் போயிற்று.

ஆளுக்கு ஒரு விசில், இரண்டு பேருக்கு ஒரு டார்ச் இருக்கட்டும். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று தடவை விசில் ஊதுங்கள்.

வண்டியும் டிரைவரும்

அரசு பஸ்ஸில் போனால் கவலை குறைவு. வேன் என்றால், 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள் போக இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று நடைமுறை வந்திருக்கிறது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் வாரம் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மலையில் ஓட்டிப் பழகிய டிரைவர்தான் வேண்டும். ஏறும்போது போட்ட கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதையின் சட்டம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். டிரைவர் பக்கத்து சீட்டில் ஒரு உறுப்பினர் உட்கார்ந்து இதைக் கவனிக்க வேண்டும். "அண்ணா, கியரில வாங்க" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசனில் யானைகள் ரோட்டுக்கு வரும். இருட்டில் அந்த வழியில் வர வேண்டாம்.

பணத்துக்கு என்ன செய்வது?

சுற்றுலாவுக்குக் குழுவில் கடன் எடுக்க வேண்டாம். எங்கள் குழுவில் வாரம் 20 ரூபாய் சுற்றுலா சேமிப்பு என்று தனியாகப் போட்டோம். 52 வாரத்தில் ஆளுக்கு 1,040 ரூபாய் சேர்ந்தது. பாதிச் செலவு அதிலேயே முடிந்தது. சந்தாக் கணக்கோடு கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும். தீர்மான நோட்டில் தேதி, இடம், வருபவர்கள் பெயர், வீட்டு போன் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வாங்குவதை மலை மக்களிடம் வாங்குங்கள். தேன், தேயிலை, காய்கறி எல்லாம் அவர்கள் உழைப்பு. நம் ரேஷன் கடையில் விற்கிற ஊட்டி டீ கூட நீலகிரிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளிலிருந்து வருவதுதான். நம்மைப் போலவே சேர்ந்து நின்று பிழைக்கிறவர்கள் அவர்கள்.

கடைசியாக ஒன்று

வீட்டில் "மலையில என்ன வச்சிருக்கு?" என்று கேட்டால் சண்டை போட வேண்டாம். தீர்மான நோட்டைக் காட்டுங்கள். எங்கே போகிறோம், யார் கூட்டிப் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதியிருக்கும். எங்கள் குழுவில் ஒரு சகோதரியின் மாமியார் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நோட்டைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இம்புட்டு எழுதி வச்சுட்டா போறீங்க? சரி, ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போ" என்றார்.

அடுத்த பயணத்துக்கு வரும் கூட்டத்தில் பெயர் கொடுக்கலாம். அன்றைக்கு எங்களைப் பள்ளத்திலிருந்து ஏற்றிவிட்ட இலை பறிக்கும் அக்காமார்களைத் தேடிப்பிடித்து, இந்தத் தடவையாவது ஒரு டீ வாங்கித் தர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

வாங்க, போகலாம். கேட்டுவிட்டுப் போகலாம், சேர்ந்து போகலாம், நேரத்தோடு வீடு திரும்பலாம்!